சொல்லித் தராத உதை

சீனாவிலிருந்து வந்திருந்த ஃபெங் யான், நான் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டுவதைப் பார்த்துத் தானும் மாட்டிக்கொண்டாள். எங்கள் ஒஹையோ தொழிற்சாலையில் ஸ்ப்ரிங் சுற்றும் வேலையை அவளுக்குக் கற்றுத்தர வேண்டியவள் நான். கற்றுக்கொண்டதும் அவளும் போவாள், மெஷினும் போகும். நாங்கள் வேலை போய் வீட்டுக்குப் போவோம். கற்றுத்தர மறுத்தால் மருத்துவ இன்ஷூரன்ஸ் உடனே நின்றுவிடும் என்றது கம்பெனி. என் கணவர் வெண்டல் டயாலிசிஸில் உயிரோடு இருப்பவர். அப்புறம் எங்கே முறுக்கிக்கொள்வது?

ஆனால் நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கார் நிறுத்துமிடத்தில் கூடிப் பேசி, ஒன்றை மட்டும் சொல்லித் தராமல் விடுவதென்று முடிவெடுத்திருந்தோம். கம்பி சிக்கினால் முதலில் மெஷினின் கீழ்த்தகட்டை ஓர் உதை விட்டுக் கம்பியின் முறுக்கை இறக்க வேண்டும். எந்தக் கையேட்டிலும் அது கிடையாது. அது தெரியாமல் அங்கே மெஷின் நாளெல்லாம் நிற்கும், வேலையைத் திரும்ப எங்களிடமே கொண்டுவருவார்கள். அசட்டு நம்பிக்கைதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்கினேன்.

பக்கத்து மெஷின் ராய்ஸ் தினமும் கேட்பான்.

“மார்லா, வாய் பத்திரமா இருக்கா?”

“பூட்டித்தான் வச்சிருக்கேன். போய் உன் வேலையப் பாரு.”

ஃபெங் யான் கெட்டிக்காரி. அதற்காகவே அவளை வெறுக்கப் பார்த்தேன். மதியம் தன் டப்பாவைத் திறந்து, கறி வைத்த கொழுக்கட்டைகளில் பாதியை என் பக்கம் தள்ளுவாள். வெறுப்பு அரைகுறையாகவே நின்றது.

வியாழக்கிழமை கம்பி சிக்கியது. நான் ஒதுங்கி நின்றேன். அவள் நான் சொல்லித் தந்தபடியே மின்சாரத்தை அணைத்தாள், மூடியைத் திறந்தாள், கம்பியைப் பிடிக்கக் குனிந்தாள். எங்களுக்கெல்லாம் கால் தன்னால் தகட்டுக்குப் போய்விடும். உதைக்காமல் கையை விட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை.

பாய்ந்து அவளை இழுத்துத் தள்ளிவிட்டுத் தகட்டை உதைத்தேன். அவள் முகம் இருந்த இடத்தில் கம்பி விசிறியடித்து அடங்கியது.

ராய்ஸ் தன் மெஷினை நிறுத்தினான். சத்தம் போடாமல் சொன்னான்.

“போச்சு மார்லா. மொத்தமா போச்சு.”

ஃபெங் யானின் முகம் வெளுத்திருந்தது. எங்கே உதைத்தேன் என்று தட்டுத்தடுமாறிக் கேட்டாள். தப்பான இடத்தைக் காட்டியிருக்கலாம். வெண்டலின் முகம் கண்ணுக்குள் வந்தது. அவள் ஊரில் இதே மெஷின் முன்னால் குனியப்போகிற முகங்களும் வந்தன. குந்தி உட்கார்ந்து விரலை வைத்துக் காட்டினேன். அழுகை வந்தது.

அவள் உதைத்தாள். குறி தவறியது.

“இன்னும் கொஞ்சம் கீழ,” என்றேன்.

எங்களைச் சுற்றி மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் மெஷினின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மறுபடி காலை ஓங்கினாள்.