பூவரசங் கம்புக்குத் தினம் ஒரு குடம்

கரிசல் மண்ணில் தண்ணீர் ஆழத்துக்கு இறங்குமா, இறங்காதா? இதுதான் என் ஆராய்ச்சி. இறங்காது என்பது என் வழிகாட்டி சாரங்கபாணி சாரின் கட்சி. இறங்கும் என்பது என் கட்சி. பங்குனிக்குள் நிரூபிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். ராஜபாளையத்தில் அப்பாவின் பஞ்சுக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான்.

1988 ஆடியில், வன்னியம்பட்டி அழகுத்தாய் அக்காவின் தரிசில் மூன்று இடத்தில் துளை போட்டுக் கொஞ்சம் கனநீர் ஊற்றி மூடினேன். அதுவும் தண்ணீர்தான், எடை மட்டும் கூடுதல். எங்கே போனாலும் லேபில் அகப்பட்டுவிடும். அடையாளத்துக்கு இரண்டு இடத்தில் இரும்புக் கம்பி நட்டேன். மூன்றாவது கம்பியை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்த புண்ணியவதி நான். வாய்க்கால் கரைப் பூவரசில் ஒரு கம்பை ஒடித்து அந்த மூன்றாவது இடத்தில் ஊன்றினேன்.

மழை பெய்து தள்ளினால்தான் கனநீர் இறங்குகிறதா என்று தெரியும். ஐப்பசியும் கார்த்திகையும் சொட்டு மழையில்லாமல் என்னை ஏமாற்றின. மார்கழியில் அழாக்குறையாகப் போய்ப் பார்த்தால், பூவரசங் கம்பு இலை விட்டு நிற்கிறது.

"என்னக்கா இது?"

"நீங்க நட்டுட்டுப் போனியள்லா. பட்டுப்போவக் கூடாதுன்னு தெனம் ஒரு கொடம் ஊத்துதேன்."

"அது அடையாளத்துக்கு வச்சதுக்கா. எல்லாத்தையும் கெடுத்துட்டிய" என்று கத்திவிட்டேன்.

அக்கா அசரவில்லை. "பச்சக் கம்ப ஊனினா நட்டதுதான். கோயில் கொடைக்குப் போன அன்னைக்கும் ஊத்திட்டுத்தான் போனேன்."

தினம் ஒரு குடம். தவறாமல். அட, என் மரமண்டையே. வானம் தராததை இவள் அளந்தல்லவா ஊற்றியிருக்கிறாள். இரண்டு இடம் காய்ந்தது, ஓரிடம் நனைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறென்ன வேண்டும்? மூன்று இடத்திலும் அடி அடியாக மண் எடுத்து, ஈரம் பறக்காமல் பாட்டிலில் அடைத்து லேபுக்கு அனுப்பினேன்.

மாசியில் சார் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். "காஞ்ச ரெண்டு எடத்துலயும் கனநீர் விட்ட எடத்துலயே இருக்கு. மூணாவதுல எட்டடிக்குக் கீழ போயிருக்கு. நான் தோத்துட்டேம்மா" என்று சிரித்தார். "உதவித்தொகைய ஒரு வருஷம் நீட்டியாச்சு. ஆனா அந்தம்மா ஊத்தறத நிறுத்தப்படாது."

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை ஏது? வன்னியம்பட்டிக்குப் பாதி நடை, பாதி ஓட்டம். குடத்தோடு வந்த அக்காவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். தண்ணீர் முழுக்க எங்கள் இருவர் மேலும் கொட்டியது.

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு?" என்றாள் அக்கா. இதுவரை தந்த மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "இன்னைக்கு ஊத்த வேண்டிய கொடம்லா இது. ஓடு, கெணத்துல எறச்சுட்டு வா."

குடத்தை வாங்கிக்கொண்டு ஓடினேன்.