பால் வாளியின் நீல ஒட்டு

1

இது கதையே ஆகியிருக்க வேண்டியதில்லை. ஒரு பத்திரிகையின் சினிமா மலருக்கு என்னிடம் கட்டுரைதான் கேட்டார்கள். அடிதடிப் படங்கள், அவற்றைக் கிண்டல் செய்யும் படங்கள், இரண்டையும் பற்றி ஒரு ரசிகனின் கருத்து. திருவொற்றியூரில் மளிகையும் பிளாஸ்டிக் சாமானும் விற்கிற எனக்கு ரசிகனைத் தேடி எங்கேயும் போக வேண்டாம். பீம்ராவ் கடை வாசலிலேயே நிற்பான். அவன் பேசுவதைக் கேட்டு எழுதினால் இரண்டு பக்கம் தேறிவிடும் என்று நினைத்தேன்.

இப்போது என் கல்லாவுக்குக் கீழே ஒரு வாளி ஒளிந்திருக்கிறது. அதைப் பற்றி விசாரிக்க நாளை ஒருவன் வருகிறான். கட்டுரை எழுதப் போனவனுக்கு இந்தக் கதி.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"வடசென்னையின் இருண்ட சந்தில் ஒரு கத்தி பளபளத்தது. அதைப் பிடித்திருந்த கையில்..."

பீம்ராவின் தங்கை மகிழினி இதைப் படித்தாள். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னா அண்ணாச்சி, நீயுமா? எங்க ஏரியான்னா ஒடனே கத்தியா? எங்க வூட்லயும் கத்தி கீது. அத்த வெச்சு வெங்காயம் நறுக்கிகினு கீறோம்."

அந்த வரியை அடித்துவிட்டேன். இந்தக் கதையில் இனிமேல் கத்தி வந்தால் பிளாஸ்டிக்குக்குச் சூடு போடத்தான் வரும்.

2

பீம்ராவ் மணலிப் பக்கம் கண்டெய்னர் யார்டில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறான். அது வயிற்றுக்கு. நெஞ்சுக்கு, ஒரு பெரிய நடிகரின் ரசிகர் மன்றத்தில் ஏரியா தலைவர். (நடிகரின் பெயரையோ படத்தின் பெயரையோ எழுதமாட்டேன். மன்றத்துக்காரர்களுக்கு அவர் 'அண்ணன்'. எனக்கும் அப்படியே இருக்கட்டும். கடைக்கு இப்போதுதான் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறேன்.)

அடிதடிப் படம் ஏன் பிடிக்கும் என்று கேட்டேன். ஏதோ சண்டைக் காட்சியைப் பற்றிச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன்.

"நாள் பூரா சூப்பர்வைசராண்ட 'சரி சார், சரி சார்'னு சொல்லிகினு கீறேன் அண்ணாச்சி. வூட்டுக்கு வந்தா வாயில அதான் வருது. எங்கம்மா கெங்கம்மா சோறு போட்டா கூட 'சரி சார்'ன்றேன். வாரத்துல ஒரு தபா, ஒரு ஆளு திருப்பி அடிக்கிறத நான் பாக்கணும். நான் அடிக்க முடியாது. அவுரு அடிக்கட்டும்."

எனக்கு எழுதுகிற கை நின்றுவிட்டது. அடிதடிப் படம் ஓடினால் நான் தியேட்டரில் குறட்டை விடுகிறவன். ஆனாலும் இதை ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொண்டேன்.

"சரி, கிண்டல் படம்?"

"ஒருத்தன் கஷ்டப்பட்டு வூடு கட்னா, அந்தச் செவுத்துல கரி எடுத்துக் கிறுக்குற வேலை அது. கலீஜ்."

3

மகிழினியின் கருத்து வேறு. உளுந்து வாங்க வந்தவள் அதைச் சொல்லிவிட்டு உளுந்தை மறந்துவிட்டுப் போனாள்.

"கிண்டல் பண்ணணும்னா ஒரு சீன பத்து தபா பாக்கணும் அண்ணாச்சி. எங்கண்ணன் வுடுற விசில்ல அவுனுக்கே பாதி டயலாக்கு கேக்காது. நான் தான் ஒழுங்கா பாக்குறேன். ஒண்ணு மட்டும், தோத்துப் போறவன கிண்டல் பண்ணக் கூடாது. எந்நேரமும் ஜெயிச்சுகினே கீறவன் மாட்னா வுடக் கூடாது."

'நான் தான் ஒழுங்கா பாக்குறேன்' என்று அவள் சொன்னபோது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன்.

4

வாளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எப்போது சொன்னாலும் திடீரென்று நுழைந்ததுபோலத்தான் இருக்கும்.

அண்ணன் படம் வெளியாகும் நாளில், தியேட்டர் வாசல் கட்அவுட்டுக்கு மன்றத்துக்காரர்கள் பால் ஊற்றுவார்கள். சவுக்குச் சாரத்தில் தலைவர் ஏறி, அண்ணன் தலையில் கவிழ்ப்பார். அந்தப் பால் வாளி என் கடையில் வாங்கியது. சிவப்பு. போன படத்தின்போது சாரத்திலிருந்து விழுந்து பக்கவாட்டில் விரிசல் விட்டது. வேறு வாங்கேன் என்றால் பீம்ராவ் கேட்கவில்லை.

"அந்தப் படம் எப்டி ஓடுச்சு! ராசியான பக்கெட்டு. மாத்த மாட்டேன்."

நான்தான் கத்தியைச் சூடாக்கி, ஒரு நீல மூடியிலிருந்து துண்டு வெட்டி, உருக்கி ஒட்டினேன். (சொன்னேனல்லவா, கத்தி வரும் என்று.) கோணல்மாணலாக, காது மாதிரி ஒரு ஒட்டு. ஊரிலேயே அப்படி இன்னொன்று கிடையாது. அதன்பிறகு வாளி அவன் வீட்டுப் பரணில் துணி சுற்றி இருந்தது. கெங்கம்மா துணி அலச எடுத்தாலும் திட்டு விழும்.

புதுப்படத்தின் முன்னோட்டம் வந்தது. கிரேனில் தொங்கும் கண்டெய்னரை அண்ணன் ஒற்றைக் கையால் நிறுத்தி, "இந்தத் துறைமுகம் என் தொட்டில்" என்கிறார். மறுநாளே அதைக் கிண்டலடித்து ஒரு வீடியோ. தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்ட ஓர் உருவம், வாளியில் ஸ்டிக்கர் பொட்டால் இரண்டு கண். பெயர் 'பக்கெட் அண்ணன்'. கொடியில் காயும் போர்வையை ஒற்றைக் கையால் நிறுத்துகிறது. உடனே இன்னொரு குரல் கேட்கிறது: "தொட்டில் இருக்கட்டும் நைனா. ஹெல்மெட்டு எங்க? கேட் பாஸ் எங்க? பாஸ் இல்லாம வில்லனே உள்ள வர முடியாது, நீ எப்டி வந்த?" பக்கெட் அண்ணன் பேன்ட் பாக்கெட்டைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, தலை குனிந்து வெளியே போகிறது.

ஊரே பார்த்தது. நானும் பார்த்தேன். உருவம் திரும்பியபோது, ஒரு நொடி, நீல ஒட்டு.

என் கைவேலை எனக்குத் தெரியாதா? பரணிலிருந்து அதை எடுக்கக்கூடியவர்கள் அந்த வீட்டில் யார் யார் என்று நினைத்தபோது உளுந்தை மறந்துவிட்டுப் போனவள் ஞாபகம் வந்தாள். பயந்து போனைக் கவிழ்த்து வைத்தேன்.

5

ஏன் பயந்தேன் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். போன வருஷம் எண்ணூர் ஆட்டோக்காரர் ஒருவர் அண்ணனைப் பற்றி ஒரு வரி கேலி எழுதினார். கட்அவுட் முன்னால் மண்டியிட வைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்லி வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். யாரும் அடிக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் இன்றுவரை ஸ்டாண்டுக்கு வருவதில்லை. அவருடைய பெண் பள்ளிக்கூடம் மாறிவிட்டாள். மகிழினி மண்டியிட்டால், அந்த வீடியோ அவள் ஆபீஸுக்கும், அவளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும்.

மன்றத்தின் மாவட்டச் செயலாளர் நோயல். ராயபுரத்துக்காரன், ரத்த தான முகாம் நடத்துகிறவன், யாரிடமும் குரலை உயர்த்தாதவன். அவன் 'கண்டுபிடிக்கணும்' என்று ஒரு வார்த்தை சொன்னான். அதற்கு மன்றத்து வாட்ஸ்அப்பில் தான் அனுப்பிய குரல் பதிவை பீம்ராவ் என் கடையில் வைத்தே எனக்குப் போட்டுக் காட்டினான்.

"அந்தப் பக்கெட்டு எவனா இருந்தாலும் நான் இட்டாரேன். என் கையால அண்ணன் கட்அவுட்டு முன்னாடி மண்டி போட வெக்கிறேன். இது என் அம்மா மேல சத்தியம்."

"நீ அந்த வீடியோவைப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"அந்தக் கலீஜ நான் ஏன் பாக்கணும்? அண்ணனுக்குப் பண்ற துரோகம்."

விசுவாசத்துக்காகப் பார்க்காமல் இருந்தான். பார்த்திருந்தால் சத்தியம் செய்திருக்கமாட்டான். நான் சொல்லியிருக்கலாம். [இங்கே நான் ஏன் சொல்லவில்லை என்று ஒரு பத்தி இருந்தது. ஒன்றும் சரியாக வரவில்லை, எடுத்துவிட்டேன். பயம், அவ்வளவுதான்.]

6

படம் வெளியான காலை. பீம்ராவ் பின்னால் என்னிடம் சொன்னதை வைத்து எழுதுகிறேன். சாரத்தின் உயரத்தை முதல் பிரதியில் கொஞ்சம் கூட்டிவிட்டேன், குறைத்திருக்கிறேன்.

வாளியில் பால் நிரப்பியாயிற்று. தாரை தப்பட்டை. பீம்ராவ் வாளியைத் தூக்கிச் சாரத்தில் கால் வைக்கும்போது நோயல் அவன் தோளில் கை போட்டுத் தன் போனைக் காட்டினான்.

"இத்தப் பாத்துட்டுப் போ நைனா. நீ பாக்கவே இல்லியாமே. ஆள் யாருன்னு தெர்ல. ஆனா நிறுத்தி நிறுத்திப் பாத்தேன், பக்கெட்டுல ஒரு நீல ஒட்டு கீது. பாரு."

பீம்ராவ் பார்த்தான். போர்வை, கேட் பாஸ், தடவித் தடவிப் பார்க்கும் கை. தங்கையின் கை. நீல ஒட்டு அந்த நேரத்தில் அவனுடைய தொடையில் உரசிக்கொண்டிருந்தது.

"பாத்தேன்," என்றான். ஏறினான்.

கீழே எல்லார் போன்களும் மேலே திரும்பியிருந்தன. நோயல் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தான். வலது பக்கமாகக் கவிழ்த்தால் ஒட்டு கூட்டத்துக்குத் தெரியும். அவனுக்கு வலக்கைதான் பழக்கம். வாளியை நெஞ்சோடு அணைத்துத் திருப்பினான். பாதிப் பால் அவன் சட்டையில் கொட்டியது, மீதி அண்ணனின் காதில். கூட்டம் "ஓ" என்றது. ஒரு கையால் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வாளியைக் குழந்தைபோல இடுக்கிக்கொண்டு இறங்கினான்.

"குட்றா, நான் வெச்சுக்கிறேன்," என்று ஒருவன் கை நீட்டினான்.

"வேணாம். ராசியான பக்கெட்டு. எங்கிட்டயே இருக்கட்டும்."

பால் நாறும் சட்டையோடு, மடியில் வாளியை வைத்துக்கொண்டு படம் பார்த்தான். பக்கத்து நாற்காலியில் நோயல். கண்டெய்னர் காட்சி வந்தது. அண்ணன் கையை உயர்த்தினார். தியேட்டரே அதிர்ந்தது. பீம்ராவும் விசிலடிக்க விரலை வாயில் வைத்தான். அந்த நேரம் பார்த்து 'கேட் பாஸ் எங்க?' என்று காதுக்குள் கேட்டது. ஹெல்மெட் இல்லையென்று யார்டு வாசலில் அவனைத் திருப்பி அனுப்பிய காலைகளெல்லாம் நினைவுக்கு வந்தன. அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அண்ணன் படத்தில், அண்ணன் கட்டத்தில், ஏரியா தலைவருக்குச் சிரிப்பு! அவன் முகத்தை வாளிக்குள் விட்டுக்கொண்டான். தோள் குலுங்கியது. நோயல் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"அழுவாத நைனா. எனக்கும் அப்டித்தான் கீது."

7

இங்கே கதையை முடித்திருக்கலாம். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்திருக்கும். ஆனால் மறுநாள் பீம்ராவ் வாளியைக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"வூட்ல வெச்சா பேஜாரு. நீயே வெச்சுக்கோ அண்ணாச்சி. அவளாண்ட நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா சத்தியம் குறுக்க நிக்கும்."

உடைத்திருக்கலாம். கதை முடியும்வரை கண்ணெதிரே இருக்கட்டும் என்று கல்லாவுக்குக் கீழே வைத்தேன். எழுத்தாளன் புத்தி.

இன்று நோயல் வந்தான். கையைக் கூப்பினான். போனைக் கல்லா மேசையில் வைத்தான். அவனது முழங்காலுக்கும் வாளிக்கும் நடுவே ஒரு பலகைதான்.

"அண்ணாச்சி, இது உங்க கடைப் பக்கெட்டுன்னு சொல்றாங்க. இந்த ஒட்டு யாருக்குப் போட்டுக் குடுத்தீங்கன்னு கொஞ்சம் யோசிச்சு வெய்யுங்க. நாளைக்கு வர்றேன்."

போகிறபோது ஒன்று சொன்னான். "அன்னிக்கு பீம்ராவு அவ்ளோ அழுதான். எதுக்குன்னு யோசிச்சுகினே கீறேன்."

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அடிதடி முடிவு: நோயல் ஆட்களோடு வருகிறான். நான் மிளகாய்த்தூள் மூட்டையை அவிழ்த்து... (எனக்கு முட்டி வலி.)

கிண்டல் முடிவு: நோயல் வாளியைக் கண்டெடுத்து, தலையில் சரியாக உட்காருகிறதா என்று மாட்டிப் பார்க்கிறான். கழற்ற வரவில்லை. மன்றத்து ஆட்கள் அவனையே பக்கெட் அண்ணன் என்று... (ஆட்டோக்காரரின் பெண் நினைவுக்கு வந்தாள். நிறுத்திவிட்டேன்.)

சாயங்காலம் மகிழினி வந்தாள். நின்றபடியே முழுவதையும் படித்தாள். அவள் முகத்தில் கேலியே இல்லை.

"அந்த ஒட்ட எடுத்துடு அண்ணாச்சி."

"எடுத்தா கதை நிக்காதே, பிள்ள."

"கதை நிக்கலன்னா பரவால்ல. நான் நிக்கணுமா வேணாமா?"

8

ஒட்டை எடுக்கவில்லை. வேறொன்று செய்திருக்கிறேன்.

அது வாளியே அல்ல. வாளி என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் வேறொரு பொருள் இருந்தது. பக்கெட் அண்ணன் என்று தேடிப் பார்த்தீர்களா? கிடைத்திருக்காது. தங்கை என்று எழுதியது தங்கைதானா என்றும் கேட்காதீர்கள். ஒருவன் தியேட்டரில் சிரித்தான், பக்கத்திலிருந்தவன் அதை அழுகை என்று நினைத்தான். அந்த இடத்தில் மட்டும் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பொருள், என்னவோ அது, இன்னும் கல்லாவுக்குக் கீழே இருக்கிறது. இன்றைக்கே உருக்கிவிடலாமென்று கத்தியை அடுப்பில் வைத்தேன். பிளாஸ்டிக் எரிந்தால் தெருவே மோப்பம் பிடிக்கும் என்று எடுத்துவிட்டேன். (பிளாஸ்டிக் என்றா சொன்னேன்? அதையும் நம்ப வேண்டாம்.)

நாளை நோயல் வருவான். நான் 'ஞாபகம் இல்லை' என்பேன். என் பொய் அவனுக்குப் போதாது. கடையில் வேறு யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பான். உளுந்தோ சோப்போ வாங்க நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்கள். இவ்வளவும் படித்துவிட்டீர்கள், உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பீர்கள். அவன் போனை நீட்டி, உங்கள் முகத்தையே பார்த்தபடி அந்த வீடியோவை ஓடவிடுவான். போர்வை நிற்கும். 'கேட் பாஸ் எங்க?' என்று கேட்கும்.

தயவுசெய்து சிரிக்காதீர்கள்.