சாக்குச் சொல்ல இடமில்லாத பாடம்

என் வீட்டுக்காரர் நீலாம்பர் ஜாவுக்கு ஐ.ஏ.எஸ். தேர்வின் விருப்பப் பாடங்கள் எல்லாவற்றின் மேலும் காதல் உண்டு. எதனோடும் குடித்தனம்தான் நடத்த மாட்டார். மானுடவியல் எடுத்த வருஷம் வீட்டுக்கு வந்தவர்களின் மண்டையையெல்லாம் அளந்தார். தத்துவம் எடுத்த வருஷம், "சோறு வெந்துடுச்சா பாரு" என்றால் "வெந்ததுன்னா என்ன அர்த்தம்?" என்றார். கரண்டியாலேயே ஒன்று போட்டிருப்பேன், மாமியார் போனில் இருந்தார். தோற்ற பிறகு பாடத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார்.

இது ஆறாவது முறை. இதற்கு மேல் எழுத விட மாட்டார்கள். விண்ணப்பம் சாயங்காலம் ஆறு மணியோடு மூடிவிடும். நான் பள்ளிக்கூடத்தில் வகுப்பு முடித்து டெல்லி முகர்ஜி நகரில் இருக்கும் எங்கள் அறைக்கு வந்தபோது, கணினியில் விருப்பப் பாடம் மட்டும் காலியாக இருந்தது.

"சமூகவியல் போட்டுடவா? எல்லாரும் அதான் எடுக்கறாங்க."

"எல்லாரும் பாஸாயிட்டாங்களா? பேசாம ஊருக்குப் போய் மாந்தோப்பைப் பாரு."

அவருக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. டெல்லிக்கு வந்ததிலிருந்து எங்களுக்குள் இந்திதான், நீ வா போதான். கோபம் வந்தால் மட்டும் அவருக்கு எங்கள் தாய்மொழியான மைதிலி வந்துவிடும். மைதிலியில் புருஷன் பெண்டாட்டி அடித்துக்கொண்டாலும் மரியாதை குறையாது.

"மாந்தோப்பா? உங்க அப்பா எழுதிக் குடுத்தாரா? கல்யாணப் பந்தியில உங்க சித்தி என் தாத்தாவைக் கழுதைன்னு பாடினாங்களே, வாயத் தொறந்தீங்களா நீங்க?"

"பந்தியில சம்பந்தியைத் திட்டிப் பாடுறது வழக்கம்தானே!" என்றேன்.

"வழக்கம்தான். ஆனா அந்தப் பாட்டுல எதுகை எவ்வளவு அழகா விழுந்திருக்கு, கவனிச்சீங்களா? ரெண்டாவது அடியில தாத்தா, நாலாவது அடியில தாத்தாவோட வாலு..."

சண்டையை மறந்து பாட்டை முழுசாகப் பாடினார். அர்த்தம் சொன்னார். பழைய கவிஞர்களை இழுத்து வந்து என் சித்தியோடு ஒப்பிட்டார். மாதிரித் தேர்வில் அரைப் பக்கம் தாண்டாத மனுஷன் மூச்சு விடவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

"மைதிலி இலக்கியம் போடுங்க."

கணினியைத் தள்ளி வைத்தார்.

"விளையாடாதீங்க."

"ஏன், அதுவும் பட்டியல்ல இருக்குதானே?"

"இருக்கு. இத்தனை வருஷமா இருக்கு." தலையைக் குனிந்துகொண்டார். "மத்ததுல தோத்தப்போ பாடம் சரியில்லன்னு சொன்னேன். தாய்மொழியில தோத்தா எதைச் சொல்றது? நான்தான் சரியில்லன்னு ஆயிடுமே."

என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. மனுஷனுக்கு நிலையான புத்தி இல்லை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். பயந்துபோய் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார். பாவமாக இருந்தது. அந்த நிமிஷம் அவரை ரொம்பப் பிடித்தது.

"என்னைச் சொல்லுங்க" என்றேன். "பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டேன்னு நம்ம ஊர் தர்பங்கா பூரா சொல்லுங்க. எங்க அப்பா வீட்டு வாசல்ல நின்னும் சொல்லுங்க."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா உங்க புத்தின்னு சொல்லிக்குங்க. எனக்கு அதுல பங்கு வேணாம்."

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மைதிலி என்று பதிந்தார்.