தங்கத்தாளுக்குக் கீழே ஓர் எண்

உதோம் அண்ணனின் டாக்சியில் ஒரு குறை சொல்லிப் பாருங்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இருந்தும் சொன்னேன். நோன்தபுரியில் காஸில் ஓடும் வண்டிகளுக்குப் பட்டறை வைத்திருக்கும் நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

சிலிண்டர் வால்வு செய்த கம்பெனி எல்லா டாக்சிக்காரர்களுக்கும் கடிதம் போட்டிருந்தது. ஒரு வரிசை வால்வுகள் சரியில்லை, கசிந்து தீப்பிடிக்கலாம், இலவசமாக மாற்றித் தருகிறோம், வால்வில் பொறித்த எண்ணை மட்டும் அனுப்புங்கள் என்று. இருபத்துமூன்று வண்டிகளுக்கு எண் பார்த்து அனுப்பிவிட்டேன். உதோம் அண்ணனின் டிக்கியைத் திறந்ததும் தலையில் கை வைத்தேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைச் சாந்துப் பொட்டு. அதன்மேல் தங்கத்தாள். உதிரக்கூடாதென்று அதற்கும் மேல் வார்னிஷ்.

புது வண்டிக்குப் புத்த பிக்குவிடம் பொட்டு வைத்து வாங்குவது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அதைக் கூரையில் வைப்பார்கள். வால்வுக்கும் வைக்கச் சொல்லி அடம்பிடித்தவர் இவர் ஒருவர்தான்.

"இதைச் சுரண்டணும் அண்ணே."

"சாமி வச்ச பொட்டையா? கைய ஒடிச்சிடுவேன்."

"வெடிச்சா உங்க கையே இருக்காது."

"வெடிக்கக் கூடாதுன்னுதானே பொட்டு!"

பின் சீட்டில் அவர் மனைவி லம்யாய் அக்கா உரலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்தையில் பப்பாளிக்காய் சாலட் இடித்து விற்பவள். தினமும் இவர்தான் கொண்டுபோய் விடுவார். அவள் முதுகுக்கு ஒரு முழம் பின்னால் அந்தச் சிலிண்டர்.

"விடு தங்கச்சி. கல்யாணத்துக்கு எனக்குக்கூட இத்தனை தங்கம் போடல இந்த மனுஷன்" என்றாள்.

"சாமியே வந்து சுரண்டட்டும், அப்ப ஒத்துக்கறேன்" என்று அண்ணன் வண்டியைக் கோயிலுக்கு விட்டார். நான் பைக்கில் எட்டவே பின்தொடர்ந்தேன். எனக்கென்ன பைத்தியமா, அதில் ஏற?

பிக்கு எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"சரி, வரேன்."

அண்ணன் ஓடிப்போய் முன்கதவைத் திறந்து குனிந்து நின்றார். பிக்கு கதவைப் பார்த்தார், கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார்.

"நீ முன்னால போப்பா. நான் நடந்தே வந்துடறேன்."

"ஒரு கிலோமீட்டர் இருக்கே சாமி! வெயில் கொளுத்துது!"

"நடந்தா உடம்புக்கு நல்லது."

"நீங்க வச்ச பொட்டு இருக்கே சாமி?"

"வச்சப்போ இந்தக் கடிதாசி வரலியேப்பா."

எனக்கு வந்த சிரிப்பை ஹெல்மெட்டுக்குள் வைத்து அடக்கினேன். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டறை வரைக்கும் ஊர்ந்துதான் ஓட்டினார், ஒரு குழியில்கூடச் சக்கரத்தை விடவில்லை. பிக்கு வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்வதற்குள் அண்ணனே பிளேடு வாங்கிப் பாதியைச் சுரண்டியிருந்தார்.

நான் எண்ணைப் படித்து, கம்பெனி அனுப்பியிருந்த கெட்ட வால்வுப் பட்டியலில் தேடினேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

அண்ணன் டிக்கியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி பக்கம் திரும்பினார்.

"இந்தக் கடிதாசி வந்து எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு மாசம் ஆச்சு. தினமும் சொன்னேன், பொட்டு பாத்துக்கும்னீங்க."

"தெரிஞ்சும் ஏன்டி தினமும் ஏறின? பஸ்ல போயிருக்கலாமில்ல?"

அக்கா உரலின் விளிம்பைத் துடைத்தாள். கேலிக்கு அவளிடம் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. இப்போது அது வாயில் வரவில்லை.

"ஏதாவது ஆச்சுன்னா நீங்க மட்டும் தனியா போயிடுவீங்களே."

பிக்கு தண்ணீர்ச் சொம்போடு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புது வால்வு வர நாலு நாளாகும் என்றேன். அண்ணன் சாவியை என் கையில் வைத்தார். அக்காவிடமிருந்து உரலை வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டு, சந்தைக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டார்.