சேகரம் இறங்கும்வரை

எழுபத்து மூன்றாம் ஆண்டு தை மாதம் சோமசேகரம் லண்டனுக்குப் படிக்கப் போனான். அவன் வாசல்படி தாண்டியதிலிருந்து அங்கே போய் இறங்கும்வரை பச்சைத் தண்ணீரும் குடிப்பதில்லை என்று அவன் தாய் அன்னலட்சுமி மாமி பத்திரகாளி அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். நேர்த்தி முறிந்தால் விமானம் விழும். மாமியின் விஞ்ஞானம் அவ்வளவுதான்.

அவனும் நானும் ஒரே வகுப்பு. அவனுக்குக் கணக்கில் எப்போதும் நூறு. நான் பாதியில் விட்டுவிட்டுத் துறைமுகத்தில் இரவு வேலைக்குப் போனவன். இரவு ரயிலுக்கு வெளிக்கிடும்போது சேகரம் தாயிடம் சொன்னான்:

"ஐயாயிரத்துச் சொச்சம் மைல்தான் அம்மா. நாளைக்கு இரவு எட்டு மணிக்கு பிளேன். மற்ற நாள் விடிய ஆறு மணிக்கு லண்டன். ஆறடிச்ச உடனே குடியுங்கோ."

டிக்கெட்டிலும் அப்படித்தான் இருந்தது. நானும் பார்த்தேன்.

அந்த விடியற்காலை வேலை முடிந்து ஓர்ஸ் ஹில்லில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமி கதிரையில் சாய்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. விமானச் செய்தி ஏதும் வருமோ என்று பக்கத்து வீட்டு ஸுல்பிகா தன் ரேடியோவைக் கொண்டுவந்து லண்டனைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கட நோன்பெண்டாலும் பொழுதுபட முடிஞ்சிரும் அக்கா. உங்கட நோன்பு பிளேனுக்குப் பின்னால ஓடுது."

"வாயை மூடடி. ஆறாச்சுதோ?"

ஆறடித்தது. ஸுல்பிகா தேத்தண்ணியை நீட்டினாள். மாமி வாங்கி வாயருகே கொண்டுபோகும்போது ரேடியோவில் நேரம் சொன்னார்கள். எனக்கு இருந்த அரைகுறை ஆங்கிலத்துக்கு அது விளங்கிவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"என்னவாம் தம்பி?"

"அங்க இப்பதான் பன்னிரண்டரை, மாமி. சாமம்."

கிளாஸ் மேசைக்குத் திரும்பியது.

"அப்ப பிள்ளை இன்னும் மேலயோ?"

"ஓம். இஞ்ச பதினொன்றரை ஆகேக்கதான் அங்க ஆறு."

"கணக்கில பிழைவிடுற பொடியனோ அவன்?"

ஸுல்பிகா சிரித்தாள். "பிழை விடல்ல அக்கா. நீங்க காஞ்சு கிடக்கக்கூடாதெண்டு அஞ்சரை மணித்தியாலத்த முழுங்கிட்டுப் போயிட்டான்."

மாமி சிரிக்கவில்லை. "பேயன். இப்ப குடிச்சிருந்தா அவன்ர கதி?"

கண்ணை மூடிக்கொண்டார். முற்றத்து மரத்தின் நிழல் மரத்தடிக்குச் சுருங்கிவிட்டது. ஸுல்பிகாவும் வீட்டுக்குப் போகவில்லை, தேத்தண்ணியைத் தொடவுமில்லை. நான் நித்திரை தூங்கி விழுந்தேன்.

பதினொன்றரைக்கு மாமி தண்ணீர் கேட்டார். செம்போடு குடித்து முடித்து மூச்சு வாங்கினார்.

"வரேக்கயும் இவ்வளவு நேரமோ?"

"போகேக்க குறைஞ்சது வரேக்க கூடும். மணிக்கூட்டுப்படி கிட்டத்தட்ட ஒரு முழு நாள் பிடிக்கும், மாமி."

"பிடிக்கட்டும். அதையும் இருப்பன். வந்தாச் சரி."

அவன் அங்கேயே வேலை எடுத்தான், கல்யாணமும் முடித்தான். மாமி அதற்குப் பிறகு ஏழு வருடம் உயிரோடு இருந்தார். அந்த விரதத்தைப் பிடிக்க அவருக்குக் கிடைக்கவில்லை.