இருபத்திரண்டு ரவைகளில் இரட்டை மருந்து

தோர்ண்டன் ஹீத்
9.10.2006

பெரிய மச்சாளுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நாங்கள் இருவருமே இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். டோர்ட்முண்டிலிருந்து நீங்கள் எழுதியதில் இரண்டு கேள்விகள் இருந்தன. உங்கள் தம்பியின் துவக்கு வெடித்ததில் எனக்குப் பங்கு உண்டா என்பது ஒன்று. வருகிற வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து விடும்போது அவரை இந்த வீட்டுக்கு எடுப்பேனா என்பது மற்றது. முதலாவதைச் சொன்னால்தான் இரண்டாவது விளங்கும்.

அவர் கிளப்பில் சுடுவது நூறு வருசத்துக்கு மேற்பட்ட பெரிய துவக்கு. என் சுட்டுவிரல் போகும் அளவு வாய். அதற்குக் கடையில் ரவை வாங்க ஏலாது. பின்வளவுக் கொட்டிலில் ஈயத்தை உருக்கி, அச்சில் வார்த்து, அவரே குண்டு செய்வார். வெற்றுத் தோட்டாக் கோதுகளுக்குள் வெடிமருந்து நிறுத்துப் போடுவது என் வேலை. சாவகச்சேரியில் இரசாயனம் படித்தவள், கை நடுங்காது என்று என்னிடம் தந்திருந்தார்.

ஆறு வருசமாக நாங்கள் போட்டது மெதுவாக எரியும் மருந்து. வார்த்த ஈயம் மென்மையானது. மெதுவான மருந்து அதைப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும். கெதியான மருந்து எட்டி உதைக்கும். அதோடு மெதுவான மருந்து ஒரு ரவைக்கு நிறைய வேணும், கோது கழுத்துவரை நிரம்பிவிடும். மறதியில் இரண்டாம் தரம் ஊற்றினால் வெளியே கொட்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் தெரிந்துவிடும்.

செப்டம்பர் தொடக்கத்தில் கிளப்பில் யாரோ சொன்னதைக் கேட்டு, கெதியாக எரியும் மருந்தில் ஒரு டின் கொண்டுவந்தார். அதில் ஒரு ரவைக்கு மூன்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. கோதின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். இரண்டு மடங்கு போட்டாலும் மேலால் பார்க்க ஒரே இருட்டுத்தான், டோர்ச் அடித்துப் பார்க்கவேணும். இது ஆபத்து, பழைய மருந்தையே வாங்குங்கோ என்றேன். எனக்குப் பள்ளிக்கூடம் நடத்துறியோ என்று கேட்டார். கேட்டுவிட்டு, அச்சிலிருந்து அப்போதுதான் விழுந்த குண்டை இடுக்கியால் எடுத்து என் இடது உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடித்தார். பத்து எண்ணும்வரை பிடித்தார். சத்தமாக எண்ணினார். தாச்சிச் சட்டி சுட்டது என்று உங்களுக்கு ரெலிபோனில் சொன்னது அந்தக் காயத்தைத்தான்.

துவக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வந்த பொலிஸ்காரர் வீட்டில் ஏதும் பிரச்சினை உண்டா என்று என்னிடம் கேட்டிருக்கிறார், மச்சாள். உங்கள் தம்பி எனக்குப் பக்கத்தில் நின்றார். இல்லை என்றேன்.

பதினாறாம் திகதி சனிக்கிழமை, காலை பத்து மணி. ஐம்பது கோது, பத்துப் பத்தாக ஐந்து வரிசை, துளைப் பலகையில். நான் இருபத்திரண்டு கோதுக்கு மருந்து போட்டிருந்தேன். தேத்தண்ணி கேட்டார். இந்த வரிசையை முடித்துவிட்டு வாறன் என்றேன். அச்சின் கைப்பிடியால் வாயில் அடித்தார். நான் மேசையில் இடிபட்டு விழுந்தேன், பலகை விழவில்லை. கீழே கிடந்தபோது வயிற்றில் இரண்டு உதை, பின்பக்கம் நாரியில் ஒன்று. என் முன்பல் சீமெந்துத் தரையில் கிடந்தது. பார்த்தேன், எடுக்கவில்லை.

நானே செய்வன் என்று புனலை எடுத்தார். எதுவரை போட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் வரிசையின் முதல் கோதிலிருந்து தொடங்கி ஐம்பதுக்கும் போட்டார். நான் தரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். குண்டுகளை அழுத்தி மூடியபிறகு ஐம்பதும் ஒரே மாதிரி. கையால் வார்த்த குண்டு ஒன்றைப்போல் ஒன்று நிறை வராது, தராசில் போட்டும் பிரிக்க ஏலாது. பெட்டியில் வரிசை பாராமல் கலந்து அடுக்கி இரும்பு அலுமாரியில் பூட்டி, திறப்பைக் கழுத்துச் சங்கிலியில் கொழுவிக்கொண்டார்.

அன்று முழுக்க நான் சொல்லவில்லை. சோறும் கணவாய்க் கறியும் சமைத்தேன். உறைப்புக் காணாது என்றார். சொல்லவேணும் என்று எனக்கு ஒரு தரமும் வரவில்லை. அதை உங்களுக்கு மறைக்கவில்லை.

ஞாயிறு காலை பரமேஸ்வரன் அண்ணை காரில் வந்தார். பிரான்சில் இருந்து வந்து குறொய்டனில் பேக்கரி வைத்திருக்கிறவர், அதே கிளப். என் வீங்கின வாயைப் பார்த்தார், பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார். சமாளிப்பதற்காகப் பகிடி விட்டார்.

"இண்டைக்கு அந்தப் பீரங்கியாலை எனக்கும் பத்து வெடி தாறாராம் உங்கடை மனிசன் சச்சி. தோள் கழண்டு வந்தால் நீங்கள்தான் தங்கச்சி ஒத்தடம் போடவேணும்."

அப்போதுதான் கணக்குப் பார்த்தேன். ஐம்பதில் இருபத்திரண்டு. இந்த மனிசன் எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர்.

"சுடாதேங்கோ அண்ணை. அதிலை இருபத்திரண்டு ரவைக்கு இரண்டு மடங்கு மருந்து இருக்கு. நான் போட்டதுக்கு மேலை இவரும் போட்டவர். துவக்கு வெடிக்கும்."

உங்கள் தம்பி சிரித்தார். நான் சந்தோசமாய் வெளிக்கிட்டால் மனிசிக்குப் பொறுக்காது என்று அண்ணைக்குச் சொன்னார். சொன்னபடியே என் தலைமயிரைப் பிடித்து வாசல் நிலையோடு இரண்டு தரம் இடித்தார். அண்ணை இடையில் புகுந்து அவரை இழுத்தார். எல்லா ரவையையும் கழற்றிப் பார்ப்பம், ஒரு கிழமை பிந்தினால் என்ன என்று கெஞ்சினார்.

"ஒண்டும் கழற்றத் தேவையில்லை. முதல் வெடி நான் வைக்கிறன். பத்தும் நான் வைக்கிறன். பின்னேரம் வந்து வெறுங்கோதை இவளின்ரை வாய்க்கை திணிக்கிறன்."

நாலாவது வெடியில் நடந்தது. அண்ணை பக்கத்தில் நின்றார். சத்தமே வேறு மாதிரி இருந்ததாம். துவக்கின் பின்பக்கம் பிளந்து, மரம் சிம்பு சிம்பாய்ப் பறந்தது. வலக்கையில் சின்னவிரல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, மற்றது புல்லில் கிடந்தது. இரும்புத்துண்டு ஒன்று வலக்கண்ணுக்குள் போயிருந்தது. இரத்தத்துக்குள் கிடந்தபடி என் பெயரைச் சொல்லித் தூஷணத்தால் பேசினாராம். டொக்டர்மார் கையை மணிக்கட்டோடு எடுத்தது உங்களுக்குத் தெரியும்.

எச்சரித்தீர்களா என்று பொலிஸ் கேட்டது. ஓம் என்றேன். சாட்சி யார் என்றார்கள், பரமேஸ்வரன் என்றேன். அவர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், நிலையோடு இடித்ததையும் சேர்த்து. துவக்கு விஷயத்தை அதோடு மூடிவிட்டார்கள்.

அவர்கள் கேட்காததை உங்களுக்குச் சொல்கிறேன். பரமேஸ்வரன் அண்ணையைக் குசினிக்குள் கூப்பிட்டு நான் தனியச் சொல்லியிருக்கலாம். அவர் கார் இழுக்குது என்றோ வயிற்றுக்குள் குத்துது என்றோ சாட்டுச் சொல்லிப் பயணத்தை நிற்பாட்டியிருப்பார். நான் வாசலில் நின்று, இன்னொரு ஆம்பிளைக்கு முன்னால், சுடாதேங்கோ என்றேன். பத்தொன்பது வருசம் அவரோடு இருந்தவள் நான். அப்படிச் சொன்னால் அண்ணை சுடமாட்டார், இவர் சுடுவார். வாய் திறக்கும்போதே அது எனக்குத் தெரியும்.

இதுதான் என் பங்கு. இந்தக் கடிதத்தைப் பொலிஸிடம் கொடுக்க விரும்பினால் கொடுங்கோ.

இரண்டாவது கேள்விக்குப் பதில், எடுக்கமாட்டேன். பூட்டு மாற்றியாச்சு. கவுன்சிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் கொடுத்தாச்சு. ஒரு கையும் ஒரு கண்ணும் இல்லாத மனிசன் இனி உன்னை என்ன செய்யப்போறார் என்று கேட்டிருந்தீர்கள். போன செவ்வாய்க்கிழமை கட்டு மாற்றப் பழக்குவதற்கு நேர்ஸ் என்னைக் கூப்பிட்டா. போனேன். குனிந்து கட்டை அவிழ்க்கும்போது இடக்கையால் சூப்புக் கோப்பையை எடுத்து என் முகத்தில் அடித்தார். புருவத்தில் மூன்று தையல், அதே ஆஸ்பத்திரியில் போட்டார்கள்.

வியாழன் காலை பதினொரு மணிக்கு விடுவார்கள். அதற்கு முன் வந்துவிடுங்கோ. நேர்ஸ் காட்டியதை எழுதி வைத்திருந்தேன், உங்களுக்கு உதவும். கட்டு காலையிலும் பின்னேரமும் மாற்றவேணும். துணியை இழுக்கக்கூடாது, அவர்கள் தரும் உப்புத் தண்ணியில் நனைத்து, ஊறவிட்டுக் கழற்றவேணும். கண்ணுக்குத் துளிமருந்து நாலு தரம். குளிசை சாப்பாட்டுக்குப் பிறகு. சோறு தீத்தும்போது அவருக்கு வலப்பக்கமாக இருங்கோ. அந்தப் பக்கம் அவருக்குத் தெரியாது, மற்றக் கையும் எட்டாது.

யோகமலர்