பாறை எண் பதினான்கு

செவ்வாய் கிரகத்துக்கு நான்தான் காவல்காரன். சிரிக்க வேண்டாம். மெர்சூகாவுக்குத் தெற்கே, கருங்கல் பொட்டலில், நான்கு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் அளந்து சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். கொடிக்கு உள்ளே செவ்வாய், வெளியே மொராக்கோ. ஆடுகளையும், நாலு சக்கர வண்டியில் புழுதி கிளப்பிக்கொண்டு வரும் சுற்றுலாக்காரர்களையும் உள்ளே விடாமல் விரட்டுவது என் வேலை.

உள்ளே ஐந்து பேர் தலையில் கண்ணாடிக் குடத்தை மாட்டிக்கொண்டு, மூன்று வாரம் செவ்வாயில் வாழ்ந்து ஒத்திகை பார்த்தார்கள். என்றைக்கோ ஒருநாள் யாரோ நிஜமாகவே அங்கே போகப்போகிறார்களாம். அவர்கள் படப்போகும் அவதியை இவர்கள் முன்கூட்டியே பட்டுப் பார்க்கிறார்கள்.

தலைவர் கெர்னோட், ஆஸ்திரியாக்காரர். முதல் நாளே என்னை உட்காரவைத்து விதிகளைச் சொல்லிவிட்டார்.

"ஹம்மு, செவ்வாய்ல மனுஷங்க கிடையாது. அதனால நீங்களும் கிடையாது."

"சரிங்க."

"எங்க ஆளுங்க யாராவது உங்ககிட்ட பேசினா, மூணு வார ஒத்திகையும் செல்லாது. எங்க கண்ணுல நீங்க பட்டீங்கன்னா பாறைன்னு எழுதிக்குவோம்."

அப்படித்தான் நான் பாறை எண் பதினான்கு ஆனேன். ஆனால் பாறை ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தால் ஆட்டை யார் விரட்டுவது? கேட்க மட்டும் முடிகிற ஒரு ரேடியோவை எனக்குக் கொடுத்திருந்தார்கள். நான்காம் நாள் அதில் கெர்னோட் குரல் வந்தது. "பதினாலாம் பாறை நேத்து இருந்த இடத்துல இல்ல. நானூறு மீட்டர் நகர்ந்திருக்கு. காத்துதான் தள்ளியிருக்கணும்." என்னோடு உட்கார்ந்து தேநீர் குடித்த அதே மனிதர்தான். அதைப் பற்றி ஆய்வுக்கட்டுரையே எழுத ஆரம்பித்துவிட்டார். முப்பது வருடம் இந்தப் பொட்டலில் விண்கல் பொறுக்கி வயிறு கழுவியவன் நான். கடைசியில் நானே கல்லானேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த ஐந்து பேரில் ஒருத்தி என் அக்கா இஜ்ஜாவின் மகள் தூடா. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து என் பின்னால் கல் பொறுக்கியவள், இன்று கோள்களைப் படிக்கிற ஆராய்ச்சிக்காரி. மூன்று வாரமாக அவள் பத்தடி தூரத்தில் என்னைக் கடந்து போவாள், ஒரு சலாம் கிடையாது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

செவ்வாய்க்குப் போனால் பூமியோடு பேசவும் நேரமாகும். சேதி போய்ச் சேர இருபது நிமிடம், வர இருபது நிமிடம். இங்கே பூமி என்பது எர்ஃபூத் ஊரில் ஒரு விடுதியின் மாடியறை. அங்கே லாமியா என்று ஒரு பெண், வருகிற ஒவ்வொரு சேதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முட்டை வேகவைக்கிற கடிகாரத்தைத் திருகிவிட்டு இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பாள். மணி அடித்த பிறகுதான் படிப்பாள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. யாராவது செத்துவிட்டால் அந்த அறிக்கை மட்டும் தாமதமில்லாமல், தலைவர் கையெழுத்தோடு, நிஜ பூமியின் அட்சரேகை தீர்க்கரேகை போட்டு உடனே போகும். விளையாட்டுச் சாவு எது, நிஜச் சாவு எது என்று ஆம்புலன்ஸ்காரனுக்குத் தெரியாதல்லவா, அதற்காக.

இருபதாம் நாள். மறுநாள் மதியம் ஒத்திகை முடிகிறது. காலையில் தூடா என் கண்ணெதிரே குனிந்து ஒரு கல்லைப் பார்த்தாள். முஷ்டி அளவு, எரிந்த கறுப்புத் தோல், ஒரு ஓரம் உடைந்து உள்ளே சாம்பல் பச்சை. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. செவ்வாயில் எப்போதோ ஏதோ மோதி, தெறித்து, அலைந்து திரிந்து இங்கே வந்து விழுந்த கல். அவள் கையிலிருந்த கருவியை வைத்து அழுத்தினாள். கருவியும் அதையே சொன்னது, கல்லை எடுத்துக்கொண்டு போனாள்.

மதியம் பூமியிலிருந்து செய்திமடல் வந்தது. கோள் ஆராய்ச்சிக்காரர்களுக்கு மாதம் ஒருமுறை வருவது. யார் எங்கே என்ன கண்டுபிடித்தார்கள், எங்கே என்ன வேலை காலி என்று இருக்கும். அதில் ஒரு மூலையில்: அண்டார்டிகா பனியில் விண்கல் தேடும் குழுவில் ஓர் இடம், இதுவரை ஆள் அனுப்பாத நாட்டுக்காரருக்கு மட்டும். விண்ணப்பிப்பவர் தன் கண்ணால் ஒரு விண்கல்லைக் கண்டெடுத்திருக்க வேண்டும், இடத்தைக் குறித்து, களத்தலைவர் கையெழுத்திட வேண்டும். கடைசி நேரம், இன்று மாலை ஐந்து மணி.

தூடாவின் ஆயுசுக் கனவு அது. ரேடியோவில் அவள் கெர்னோட்டைக் கூப்பிடுவதை நான் கேட்டேன்.

"கெர்னோட், இன்னிக்கு காலைல நான் எடுத்த கல்லுக்கு ஒரு கையெழுத்து வேணும். விண்கல்லுன்னு."

"எந்த விண்கல்?"

"பதினாலாம் பாறை பக்கத்துல எடுத்தேனே, செவ்வாய்க் கல்."

"தூடா, நாம எங்க இருக்கோம்?"

பதிலையும் அவரே சொன்னார்.

"செவ்வாய்ல இருக்கோம். செவ்வாய்ல கிடக்கிற செவ்வாய்க் கல் எப்படி விண்கல் ஆகும்? அது இந்த ஊர்க் கல்லு. இன்னிக்கு எடுக்க வேண்டிய கல் மாதிரி எண்ணிக்கையும் முடிஞ்சுபோச்சு. எடுத்த எடத்துலயே வச்சுடு."

"நிஜத்துல அது..."

"நாளைக்கு மதியம் பூமிக்குத் திரும்பினதும் எதுல வேணும்னாலும் கையெழுத்து போடறேன். இன்னிக்குப் பொய் எழுதச் சொல்லாத."

மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை.

மணி மூன்றேகால். தூடா கல்லை வைக்கத் திரும்ப வந்தாள். வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள். கண்ணாடிக்குள் கண் சிவந்திருந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் கல்லோடு பேசக் கூடாது என்று விதியில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"பாறையே, இருபத்தேழு வயசு வரைக்கும் இந்த ஒண்ணுக்காகத்தான் படிச்சேன். இப்ப நான் என்ன செய்யறது?"

கல் எப்படி வாயைத் திறக்கும்? ஆனால் எனக்குள் சாவுக்கான அந்த ஒரே விதிவிலக்கு ஓடியது. நான் எழுந்து என் தலைப்பாகையை அவிழ்த்தேன். ஏழு முழத் துணியையும் மெதுவாக, சுற்றுச் சுற்றாக. மருமகள் முன்னால் வெறுந்தலையோடு நின்றது வாழ்நாளில் அன்றுதான். கூச்சமாக இருந்தது. பிறகு நான் என் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தேன்.

ரேடியோவில் கெர்னோட் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். "பதினாலாம் பாறையோட மேலடுக்கு உரியுது. சாய்ஞ்சும் போச்சு. குறிச்சுக்கோங்க."

தூடா ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். அப்புறம் குடத்தின் கொக்கியைக் கழற்றித் தலையிலிருந்து எடுத்தாள்.

கெர்னோட் மூச்சு வாங்க ஓடி வந்தார். அந்த உடுப்பில் ஓடுவது லேசில்லை.

"தூடா, நீ செத்துட்ட."

"எப்ப?"

"மூணு இருபத்தெட்டுக்கு. படு. செத்தவங்க பேசக் கூடாது."

அவள் என் பக்கத்தில் படுத்தாள், கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. கெர்னோட் மண்டியிட்டு, கையிலிருந்த பலகையில் சாவு அறிக்கையை ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். பெயர். நேரம். பூமியின் அட்சரேகை, தீர்க்கரேகை. பிறகு ஒரு கட்டத்தில் கை நின்றது.

"இறந்தவர் கையில் இருந்த பொருள்," என்று வாசித்தார். கல்லைப் பார்த்தார். தனக்குத்தானே பேசிக்கொண்டார்.

"இந்த அறிக்கை பூமிக்குப் போற படிவம். பூமில இது ஊர்க் கல்லு இல்ல. பூமில இது விண்கல்லு."

நான் மூச்சு விடவில்லை. பிணமும் விடவில்லை.

"எழுதாம விட்டா அதுதான் பொய்," என்றார். எழுதினார்: செவ்வாயிலிருந்து வந்த விண்கல் ஒன்று, இறந்தவரே கண்டெடுத்தது, மேற்கண்ட இடத்தில். கீழே நீட்டமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். செத்தவள் முகத்தை ஒரு துணியால் மூடிவிட்டு, தலை குனிந்து நின்று, மற்ற மூவரைப் பார்க்கப் போய்விட்டார். ஒத்திகையில் ஆள் சாகலாம், அதற்கும் இடம் உண்டு. ஒத்திகை நிற்கத்தான் கூடாது.

அவர் மறைந்ததும் துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"மாமா."

"பேசாதடி, ஒத்திகை கெட்டுப்போகும்."

"செத்தவளும் பாறையும் பேசக் கூடாதுன்னு எந்த விதியில இருக்கு?"

இல்லைதான். மூன்று வாரமாகத் தேக்கிவைத்த பேச்சு, இரண்டு பேருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கொடிக்கு வெளியே ஓடினோம். ஐந்து பேரின் கைப்பேசியும் என் தகரப் பெட்டியில்தான் இருந்தன, செவ்வாயில் கைப்பேசி எடுக்காது என்று. ஜீப்பில் ஏறி, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போனோம். குழுவில் எல்லாருக்கும் நகல் போகும் என்பதால் அவள் கைப்பேசிக்கும் சாவு அறிக்கை வந்திருந்தது. அதை விண்ணப்பத்தோடு இணைத்து, விவரங்களை நிரப்பி, நாலு நாற்பத்தாறுக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று பதிலும் வந்தது. அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள், நானும் அழுதேன்.

அப்போதுதான் அவள் அறிக்கையின் மேல் வரியைப் பார்த்தாள்.

"மாமா, இது அம்மாவுக்கும் போயிருக்கு."

குடும்பத்துக்கும் ஒரு நகல் போகும் என்பது என் மரமண்டையில் ஏறவே இல்லை. இஜ்ஜா எண்ணை எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. ஜீப்பை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. தூடா ஊருக்கு வெளியே மராக்கேஷுக்குப் படிக்கப் போனதற்கே மூன்று மாதம் பேசாதிருந்தவள் என் அக்கா.

வீட்டு முற்றம் நிறைய ஜனம். சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் சர்க்கரைக் கூம்புகள், நீலக் காகிதம் சுற்றியவை, சுவரோரம் பதினொன்று வரிசையாக நின்றன. நடுவில் இஜ்ஜா. வெள்ளி நிற விண்வெளி உடுப்போடு தூடா உள்ளே நுழைந்ததும் ஒரு கிழவர் கையிலிருந்த பன்னிரண்டாம் கூம்பைக் கீழே போட்டுவிட்டார்.

இஜ்ஜா மகளின் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தை முகர்ந்து பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி என் மேல் எறிந்தாள்.

"டேய் ஹம்மு, நீ செத்திருந்தாகூட நான் இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்டா."

"தப்புதான் அக்கா."

தூடா அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பனி, இரண்டு மாதம், ஒரே ஓர் இடம்.

"அங்கயும் நீ செத்துட்டன்னு சேதி அனுப்புவாங்களா?" என்று கேட்டாள் இஜ்ஜா.

"மாட்டாங்கம்மா."

"அப்ப கிடைச்சா போ. உனக்கு அழ வேண்டியத எல்லாம் இன்னிக்கே அழுது தீத்துட்டேன். வழியனுப்ப என்கிட்ட சொட்டுக் கண்ணீர் இல்ல."

கொண்டுவந்த சர்க்கரையை யாரும் திருப்பி எடுத்துப் போகவில்லை. கல்யாணத்துக்கும் அதே கூம்புதானே, இருக்கட்டும் என்றார்கள். இஜ்ஜா அவற்றை அலமாரியில் அடுக்கிவைத்து, பதில் வருகிற வரை ஒன்றையும் உடைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த மாதச் செய்திமடலைத் தூடா எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். முதல் பக்கத்தில், மொராக்கோ செவ்வாய் ஒத்திகையில் ஓர் உறுப்பினரை இழந்த வருத்தச் செய்தி. மூன்றாம் பக்கத்தில், அண்டார்டிகாவுக்குத் தேர்வான பெயர். இரண்டும் அவள் பெயர்தான். இஜ்ஜா எழுந்து, ஒரு கூம்பை எடுத்துச் சுத்தியலால் உடைத்தாள்.

"இவனைப் பத்தி ஒண்ணும் இல்லையா அதுல?" என்று கேட்டாள்.

இருந்தது. கெர்னோட்டின் கட்டுரைச் சுருக்கம். பாறை எண் பதினான்கு இருபது நாளில் பத்தொன்பது கிலோமீட்டர் நகர்ந்தது. கடைசி நாளில், உறுப்பினர் இறப்பதற்குச் சற்று முன் அவர் பக்கத்தில் வந்து சாய்ந்தது. அதன்பின் இருவரையும் அந்த இடத்தில் காணவில்லை. அன்று காற்றே வீசவில்லை, காரணம் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்.

இஜ்ஜா முதல் கோப்பைத் தேநீரை என் கையில் கொடுத்தாள். கண் துடைத்துக்கொண்டாள், கண்ணீர் இல்லை என்று சொன்னவள்.

"குடிடா, பாறை," என்றாள்.